தும்மல் தவறிய கல்யாணம்

“கயிறு கட்டுறதா இருந்தா இப்பவே என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்,” என்றாள் வசந்தகுமாரி. அது அவளுடைய வீட்டு ஹால்தான் என்பதால், எழுந்து எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை.

“மோதிரம் போட்டால் நான் பியானோவை மூடிவிட்டுப் போய்விடுவேன்,” என்றாள் ரிவ்கா. அது பியானோவும் இல்லை. வசந்தகுமாரியின் மகள் சம்யுக்தா ஏழாம் வகுப்பில் ஆசைப்பட்டு வாங்கி, எட்டாம் வகுப்பில் கைவிட்ட கீபோர்டு. மூடுவதற்கு அதற்கு மூடியே கிடையாது.

இருவருக்கும் நடுவே சோபாக் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த சம்யுக்தா, அம்மாவின் தமிழை ஆங்கிலத்திலும் ரிவ்காவின் ஆங்கிலத்தைத் தமிழிலும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போயிருந்தாள். கோபத்தை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அது நேராகவே போய்ச் சேர்ந்தது.

சண்டை, தமிழ்ச் சங்க நாடகத்தின் கடைசிக் காட்சியில், பெண் வேஷத்துக்கு நின்ற சம்யுக்தாவுக்கு நடக்க வேண்டிய கல்யாணத்தைப் பற்றியது. யூதர் வழக்கப்படி, மாப்பிள்ளை பெண்ணின் விரலில் மோதிரம் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பக்கத்தில் சாட்சிக்கு இரண்டு பேர் நின்றால் கல்யாணம் முடிந்தது. அது மேடையா, மெய்யா என்று மேலே இருப்பவருக்கு யார் போய் விளக்குவது? அந்தப் பயத்தில் ரிவ்காவின் அப்பா நடத்திய நாடகக் குழுவில் முழு வாக்கியத்தையும் யாரும் மேடையில் சொன்னதில்லையாம்.

“இந்த வம்பே வேண்டாம். உங்களிடம்தான் ஒரு மஞ்சள் கயிறு இருக்கிறதே. அது வெறும் நூல்தானே, அதைக் கட்டிவிடலாம்,” என்பது ரிவ்கா கண்டுபிடித்த வழி.

“வெறும் நூலா?” வசந்தகுமாரி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “மோதிரத்துல என்னங்க இருக்கு? எங்க வீட்டுக்காரர் ரெண்டு கையிலயும் போட்டிருக்கார். அவருக்கு எத்தனை கல்யாணம் ஆயிருக்குங்கறீங்க?”

பத்மநாபன் இரண்டு கைகளையும் மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பேசாம மாலை மாத்திக்கலாமே,” என்றான் மாப்பிள்ளை வேஷக்காரன் கௌரிசங்கர். நாற்பதை நெருங்கும் பிரம்மச்சாரி. வங்கியொன்றில் கம்ப்யூட்டர் வேலை.

“மாலை மாத்துனாலும் கல்யாணந்தான், தம்பி,” என்றாள் நாகஜோதி. சங்கத் தலைவரின் மனைவி. எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பேச்சு முடியும்வரை உட்கார்ந்திருப்பவள்.

இதெல்லாம் நடந்தது துபாய் கராமாவில், மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் பாதி தமிழ்க் குடும்பங்கள். அவர்களுடைய சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு விழா, விழாவுக்கு ஒரு நாடகம். போன வருஷம் பத்மநாபனே எழுதிய தண்ணீர் சிக்கன நாடகம் போட்டார்கள். இடைவேளையில் டீ குடிக்கப் போன ஜனம் திரும்பி வரவில்லை. பத்மநாபன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி. அவர் எழுதினால் கதாநாயகி காதலிக்கும்போதும் தலையில் ஹெல்மெட் இருக்கும். அதனால் இந்த வருஷம் கதை வெளியிலிருந்து வரட்டும் என்று எல்லாரும் சேர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கதை நாலாவது மாடியிலிருந்து வந்தது. ரிவ்கா அங்கேதான் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தனியாள், ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் சங்கீத டீச்சர். பள்ளி தந்த வீட்டு வாடகைக்கு இதைவிட நல்ல இடத்தில் இருந்திருக்கலாம் என்பது வசந்தகுமாரியின் துப்பு. சொந்த ஊர் கேட்டால் அர்ஜென்டினா என்பாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி எரிவதைக் கண்டு, அவள் யூதப் பெண் என்ற மீதியை வசந்தகுமாரி தானே கண்டுபிடித்துக்கொண்டாள். ரிவ்காவின் அப்பாவும் அம்மாவும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிப் பியூனஸ் அயர்ஸுக்குப் போனவர்கள். அங்கே யித்திஷில் பாட்டு நாடகம் போட்டவர்கள். யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பாப் பக்கத்து யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. காதில் விழும்போது ஜெர்மன் மாதிரி இருக்கும். சண்டை போடும்போது கும்பகோணம் மாதிரி இருக்கும் என்று பத்மநாபன் சொல்வார்.

நாடகத்தின் கதையைக் கேட்டதுமே வசந்தகுமாரிக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு கல்யாணத் தரகர், இரண்டு வீடு, மாப்பிள்ளையைத் தவறான வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். சீர் பற்றிப் பேச்சு, சம்பந்திச் சண்டை, சமையல்காரியின் நக்கல், நடுநடுவே பாட்டு. “இது எங்க பெரியப்பா வீட்டுல நடந்ததுதான்,” என்று அவள் சத்தியம் பண்ணாத குறை. வசனத்தைத் தமிழில் மாற்றிக்கொண்டார்கள். பாட்டுகளை மட்டும் யித்திஷிலேயே விட்டுவிட்டார்கள். மாற்றிப் பார்த்தார்கள், மெட்டு ஒத்துவரவில்லை.

அந்த மெட்டு என்ன செய்தது தெரியுமா? ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே லிஃப்டில் ஏறியது. தமிழே தகராறான பிள்ளைகள், வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவை, லிஃப்டில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு ஏறி இறங்கின. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து மூசா வெங்காயம் நிறுக்கும்போது அதையே முனகினார். “என்ன பாட்டுக்கா இது, நாக்குல ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது,” என்று வசந்தகுமாரியிடம் குறைப்பட்டுக்கொண்டார். பத்மநாபன் குளிக்கும்போது பாடினார். ரிவ்காவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. அவளுடைய அப்பா காலத்திலேயே சபையில் பாதிப் பேருக்கு யித்திஷ் தெரியாதாம். பிள்ளைகள் ஸ்பானிஷ் பேசிக்கொண்டு வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுதுவிட்டுப் போவார்களாம். “எங்களுக்குப் புரிகிற சபை எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. அழுகிற சபை கிடைத்தது. அது போதும்,” என்றாள்.

எல்லாப் பாட்டிலும் உயர்ந்த பாட்டு மணப்பெண்ணுடையது. மணமக்கள் நிற்கும் துணி விதானத்துக்கு நடந்து போகும்போது அவள் தன் அம்மாவைப் பார்த்துப் பாடுவாள். தலையணையைக் கட்டிவைத்தாய் அம்மா, பானையைக் கட்டிவைத்தாய், உப்பையும் முடிந்துவைத்தாய். தினம் என்னைத் திட்டுவாயே, அந்தத் திட்டை எந்தத் துணியில் கட்டித் தருவாய்? இதுதான் பொருள்.

அந்தப் பாட்டின் மேல் ஒருத்திக்குக் கண் என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். ஜோதிமணி. இரண்டாவது மாடி. ரிவ்கா வேலை பார்க்கும் அதே பள்ளியில் நர்ஸ். திண்டுக்கல்காரி, நாற்பத்து மூன்று வயது. புருஷன் ரெங்கராஜ் சவுதியில் ஜுபைலில் ஒரு ஆலையில் டெக்னீஷியனாக இருந்தபோது நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் ஊருக்குப் போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ வேலை தேடிக்கொண்டு துபாய்க்கு வந்தாள். அவளுடைய மருந்து அறைக்கு அடுத்த சுவர்தான் ரிவ்காவின் சங்கீத அறை. முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு மருந்து போட்டபடியே சுவர் வழியாகப் பாட்டைக் கேட்டுக் கேட்டு முழுசாகப் பிடித்துக்கொண்டாள். ரிவ்காவை இந்தக் கூட்டத்துக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான்.

“அழுறதுக்குள்ள சிரிப்பு வந்துருதுக்கா. சரி சிரிப்போம்னு பாத்தா அழுகை வந்துருது. என்னத்தச் சொல்ல,” என்பாள். அந்தப் பாட்டை ஒரு தடவையாவது மேடையில் நின்று பாடிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. ஆனால் அவளுக்குக் கிடைத்தது பெண்ணின் அம்மா வேஷம். அம்மாவுக்குப் பாட்டு இல்லை. திட்டு மட்டும்தான்.

அன்றைய சண்டை ஒரு முடிவுக்கு வந்தது. அதாவது, யாருக்கும் பிடிக்காத முடிவுக்கு. கயிறோ மோதிரமோ, எதுவானாலும் கல்யாணம் ஆகாத பெண்ணை மேடையில் நிறுத்த முடியாது என்று வசந்தகுமாரி சொல்லிவிட்டாள். சம்யுக்தாவுக்கு அபுதாபியிலிருந்து ஒரு வரன் பேச்சு வந்துகொண்டிருந்தது. வயதுக்கு வந்த பெண் வைத்திருந்த மற்ற அம்மாக்களும் தலையை ஆட்டினார்கள். சரி, கல்யாணம் ஆனவர்கள் நிற்கலாமே என்றாள் ரிவ்கா.

“ஏற்கெனவே ஒருத்தர் கட்டினது தொங்கிட்டிருக்கும்போது இன்னொருத்தன் கையால மோதிரமா?” என்றாள் நாகஜோதி.

ரிவ்கா இரண்டு கைகளையும் விரித்தாள். “அப்படியானால் இந்தக் கட்டடத்தில் யாருடைய கழுத்தைத்தான் நான் கேட்பது?”

வசந்தகுமாரியின் நாக்கு அவளைக் கேட்டுக்கொண்டு புரள்கிற நாக்கு இல்லை. “ஜோதிமணி கழுத்துதான் காலியா இருக்கே, அவளை நிக்கவைங்க,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

சம்யுக்தா இதை மொழிபெயர்க்கவில்லை.

ஜோதிமணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் தொப்பிகளுக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

“சரிக்கா. நான் நிக்கிறேன்,” என்றாள்.

இப்படித்தான் அவளுக்குப் பாட்டு கிடைத்தது. அம்மா வேஷம் வேறொருத்திக்குப் போயிற்று. வசந்தகுமாரிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. “என்னடி, ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்று பத்மநாபன் கேட்டதற்கு, சாம்பாரில் புளி தூக்கல் என்றாள்.

கடைசியில் மோதிரமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் ரிவ்காவின் அப்பா வழியில். அவர் குழுவில், மாப்பிள்ளை அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போது, பாதியில் தரகர் வேஷக்காரர் பலமாகத் தும்முவார். சபை சிரிக்கும், மாப்பிள்ளை நிறுத்திவிடுவார், அப்படியே அடுத்த சடங்குக்குப் போய்விடுவார்கள். வாக்கியம் முடியாது. கல்யாணம் ஆகாது. மாப்பிள்ளைக்குப் பாதி வாக்கியம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கௌரிசங்கர் கேட்டான். அப்படிச் செய்தால் நடிகன் தும்மலுக்காகக் காத்து நிற்பது சபைக்குத் தெரிந்துவிடும் என்றாள் ரிவ்கா. அவன் முழுசாகக் கற்றுக்கொள்ள வேண்டும். தும்மல்தான் நிறுத்த வேண்டும். மோதிரத்துக்கு மூசா கடையில் திரைச்சீலை வளையம் ஒன்று வாங்கிக்கொண்டார்கள்.

தரகர் பத்மநாபன். தும்முவது அவர் பொறுப்பு. ஆனால் வீட்டிலேயே வசந்தகுமாரி சொல்லாமல் அவர் எதுவும் செய்தவர் இல்லை. ஒத்திகையில் ஒரு தடவை சீக்கிரமாகத் தும்மினார், ஒரு தடவை எல்லாம் முடிந்தபிறகு தும்மினார். அப்போதுதான் ரிவ்கா, மேடையின் முன்விளிம்பில் ஒரு பெட்டி வைப்பார்கள், அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாருக்கும் வசனம் எடுத்துக்கொடுப்பார் என்று சொன்னாள். சத்தமாகவே எடுத்துக்கொடுப்பாராம். முன்வரிசைக்காரர்கள் ஒரே டிக்கெட்டில் நாடகத்தை இரண்டு தடவை கேட்பார்களாம்.

எல்லாருடைய கண்ணும் வசந்தகுமாரி பக்கம் திரும்பியது. அடுத்தவர் என்ன பேச வேண்டும் என்று சொல்ல அவளைப் போல ஆள் வளைகுடா முழுவதும் தேடினாலும் கிடைக்காது. பத்மநாபன் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை அறுத்துப் பெட்டி செய்தார். சுற்றிலும் இருட்டில் ஒளிரும் மஞ்சள் பட்டை ஒட்டினார். யாராவது தடுக்கி விழுந்துவிடக் கூடாதாம்.

அதற்குள் கட்டடத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. மூசா கடையில் கொத்தமல்லி பொறுக்கிக்கொண்டிருந்தபோது வசந்தகுமாரி காதில் விழுந்தது. அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் நாகஜோதியும் அவள் ஓரகத்தி பானுப்பிரியாவும் நின்றிருந்தார்கள்.

“குத்துவிளக்கு ஏத்துற மேடை. அதுல போயி அவ பொண்ணா நிக்கிறாளாம்.”

“நாடகந்தானக்கா.”

“நாடகத்துல செத்தவன் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவான். இவளுக்கு வீட்டுல யார் இருக்கா?”

இதில் ஒரு சங்கடம் உண்டு. யூதக் கல்யாணத்தில் பெண்ணை இரண்டு சுமங்கலிகள் கையில் விளக்கோடு இரண்டு பக்கமும் பிடித்து விதானத்துக்கு நடத்திக் கூட்டிவர வேண்டும். அந்த இரண்டு பேர், நாடகத்தில் இவர்கள்தான். நாகஜோதி மேடையேறாமல் எந்த விழா நடந்திருக்கிறது? வசந்தகுமாரி அரிசி மூட்டையைச் சுற்றிப் போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வழக்கமாகக் கேட்பவள்தான். ஆனால் பேச்சின் முதல் நுனி தன் வாயிலிருந்துதான் கிளம்பியது என்பது அவளுக்குத் தெரியும். கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், இருட்டுவதற்கு முன்னால் கீபோர்டைத் தொட மாட்டேன் என்றாள் ரிவ்கா. சனிக்கிழமை எதையுமே ஆரம்பிக்கக் கூடாது என்றாள் வசந்தகுமாரி. ஞாயிறு சாயங்காலம், ராகு காலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் என்றதும் இரண்டு பேரும் சமாதானமானார்கள். ஒரு பள்ளிக்கூட அரங்கம். முன்னால் பட்டுப்புடவைகள், நடுவில் பிள்ளைகள், பின்வரிசைகளில் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து சங்கம் பஸ் வைத்துக் கூட்டிவந்த ஆட்கள். ராமநாதபுரம், அரியலூர், பெரம்பலூர்ப் பையன்கள். ஞாயிறு லீவை நாடகத்துக்குக் கொடுத்தவர்கள். அதற்கு ஈடு வாங்காமல் போகமாட்டார்கள்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. பெட்டிக்குள் வசந்தகுமாரி வியர்த்துக் கொட்டியபடி எல்லாருக்கும் பேச்செடுத்துக் கொடுத்தாள். சம்பந்திச் சண்டையில் ஆள் வசனத்தை மறந்தபோது அவளே பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சண்டையைப் போட்டு முடித்தாள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். தரகராக வந்த பத்மநாபன் இரண்டு வீட்டுக் கதவுக்கும் நடுவே அலைந்தார். “எந்தப் பக்கம்னு உன் பெண்டாட்டிட்ட கேளுய்யா,” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் சொல்ல, அவர் நிஜமாகவே பெட்டியைப் பார்த்தார். அரங்கம் குலுங்கியது.

பிறகு கல்யாணக் காட்சி. நாலு கம்பில் விதானம் உயர்ந்தது. பத்மநாபன் மரியாதையாக அதன் கீழே நின்றார். கௌரிசங்கர் கறுப்பு அங்கியில் நின்றான். காலில் பத்மநாபன் மாட்டிவிட்ட கம்பெனி பாதுகாப்புப் பூட்ஸ். சடங்கின் முடிவில் அவன் ஒரு கண்ணாடி டம்ளரை மிதித்து உடைக்க வேண்டும். டம்ளரைப் பத்மநாபன் இரண்டு துண்டில் சுற்றி, அதன்மேல் குமிழி பிளாஸ்டிக்கும் சுற்றி, தரையில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

ரிவ்கா பெண் வருகிற மெட்டை ஆரம்பித்தாள். பெண் வரவில்லை. மறுபடி வாசித்தாள். பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் பக்கத்திரையின் ஓரம் வசந்தகுமாரிக்குத் தெரியும். ஜோதிமணி நின்றாள். வெள்ளை உடுப்பு, தலையில் முக்காடு. இரண்டு பக்கமும் ஆள் இல்லை. கையில் விளக்கு வைத்திருக்க வேண்டிய நாகஜோதியும் பானுப்பிரியாவும் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி தேய்ப்பவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தலைவலிக்குது, என்னால முடியாது. அவளே வரட்டும், கால் இருக்குதில்ல,” என்று நாகஜோதி சொன்னது மெட்டுக்கு நடுவிலும் கேட்டது.

ஜோதிமணி வரவில்லை. வராமல் இல்லை, கால் வைத்தாள், நின்றாள். கூட்டிவர ஆளில்லாத பெண் தானே விதானத்துக்கு நடந்து வந்தால் அதற்கு என்ன பொருள் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவ்கா மூன்றாம் தடவையாக மெட்டை ஆரம்பித்தாள். முன்வரிசையில் கிசுகிசு கிளம்பியது.

பெட்டியைத் திறக்கும் கதவு பின்னால் இருந்தது. வசந்தகுமாரிக்கு அதைச் சுற்றிப் போகும் பொறுமை இல்லை. அவள் எழுந்தாள். ஃபிரிட்ஜ் அட்டை மேலே கிழிந்தது. அரக்குப் பட்டுப் புடவையில், தோளில் மஞ்சள் ஒளிப்பட்டை ஒட்டிக்கொண்டு, சபைக்கு நடுவே அவள் மேடைமேல் ஏறியதைப் பார்த்து இதுவும் நாடகத்தில் உண்டு என்று பின்வரிசை விசிலடித்தது. நேராகப் பக்கத்திரைக்குப் போனாள். நாகஜோதியின் மடியிலிருந்த விளக்கை எடுத்தாள்.

“வாடி,” என்று ஜோதிமணியின் முழங்கையைப் பிடித்தாள்.

“அக்கா, பெட்டியில யாரு?”

“பெட்டி கிடக்கு. வா.”

ஒரு பக்கம் ஆள் ஆயிற்று, இன்னொரு பக்கம்? ரிவ்கா கீபோர்டை விட்டு எழுந்து வந்தாள். அவள் சுமங்கலியா, இல்லையா என்று வசந்தகுமாரி கூட அதுவரை விசாரிக்கவில்லை, அன்றும் விசாரிக்கவில்லை. மெட்டு நின்றுவிட்டது. ஜோதிமணி வாயைத் திறந்தாள்.

முதல் அடி மெலிசாகத்தான் வந்தது. தலையணையைக் கட்டிவைத்தாய், அம்மா. இரண்டாவது அடிக்கு லிஃப்டில் ஏறி இறங்கிய பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம் மூசாவின் கனத்த குரல் எங்கிருந்தோ வந்தது. உப்பை முடியும் அடியில் கேம்ப் ஆட்கள் கைத்தாளம் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டை அன்றுதான் கேட்கிறவர்கள் அவர்கள், ஆனால் தாளம் பிசகவில்லை. கடைசி அடியில், திட்டை எந்தத் துணியில் கட்டுவாய் என்ற இடத்தில், எல்லாரும் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். ஜோதிமணியின் குரல் மட்டும் தனியாக மேலே போய் இறங்கியது. முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். சிரித்தவரும் மூக்கை உறிஞ்சினார்.

“ஒன்ஸ் மோர்,” என்றது பின்வரிசை.

“அப்பாவின் சபையும் இதையேதான் கேட்கும்,” என்று ரிவ்கா முணுமுணுத்தாள். மூன்று பேரும் திரும்பிப் பக்கத்திரைக்குப் போய், மறுபடியும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே சாயங்காலம் இரண்டு தடவை விதானத்துக்கு வந்த பெண்ணை வசந்தகுமாரி அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தத் தடவை ஜோதிமணி அடியெடுத்து வைத்தது வேறு மாதிரி. சொந்த வீட்டு ஹாலில் நடப்பவள் போல வந்தாள்.

கௌரிசங்கர் மோதிரத்தைப் போட்டான். வாக்கியத்தை ஆரம்பித்தான். பெட்டி காலி. பத்மநாபனோ, அவன் பூட்ஸ் எங்கே டம்ளரை நேரத்துக்கு முன்பே மிதித்துவிடுமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் பாதி வந்தது. போயிற்று. கௌரிசங்கர் நன்றாகப் படித்த பையன். நிறுத்த யாரும் இல்லாததால் கடைசி எழுத்துவரை திருத்தமாகச் சொல்லி முடித்தான்.

ரிவ்காவின் விரல்கள் வசந்தகுமாரியின் கையை இறுக்கின. சம்யுக்தா இல்லாமலேயே அது மொழிபெயர்ந்தது.

“தும்முங்க,” என்றாள் வசந்தகுமாரி.

பத்மநாபன் தும்மினார். பிரமாதமான தும்மல். எல்லாம் முடிந்த பிறகு. அந்த அதிர்ச்சியில் கௌரிசங்கர் டம்ளரை மிதித்தான். அது உடையாமல் நழுவி ஓடியது. துரத்திப் போய் மூன்றாவது மிதியில் உடைத்தான். சபை எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் உள்ளே ஒரே களேபரம். நாகஜோதியின் தலைவலி போன இடம் தெரியவில்லை. “அப்ப ஆயிருச்சா ஆகலையா? அதைச் சொல்லுங்க முதல்ல,” என்று எல்லாருக்கும் நடுவில் நின்றாள். ரிவ்கா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நீங்கள் இரண்டு பேரும் யூதர்கள் இல்லை, அதனால் இது செல்லாது, ஒன்றுமே இல்லை, என்று இரண்டு தடவை சொன்னாள். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கௌரிசங்கர் செல்லாது என்ற வார்த்தையை யோசனையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது.

வசந்தகுமாரி அதைக் கவனிக்காமல் இருப்பாளா? ஜோதிமணியைத் தண்ணீர்க் கூலருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏண்டி, நல்ல பையன்டி. சொந்தமா கார் வச்சிருக்கான். ஒரு வார்த்தை சொல்லு, நான் பேசுறேன்.”

ஜோதிமணி முக்காட்டுக்குள்ளிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். திரைச்சீலை வளையத்தைக் கழற்றி, அந்தப் பக்கம் வந்த பத்மநாபனிடம் நீட்டினாள். “அண்ணே, இதத் திரையில மாட்டிருங்க.” பிறகு வசந்தகுமாரியைப் பார்த்துச் சிரித்தாள். “பாட்டுப் பாடணும்னுதானக்கா கல்யாணமே பண்ணேன். பாடியாச்சு. ரெண்டு தடவ பாடியாச்சு.”

அந்த வருஷம் ஷார்ஜாவில் கூப்பிட்டார்கள், அஜ்மானில் கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் வசந்தகுமாரி பெட்டிக்குள்ளேயே இருந்தாள், பத்மநாபன் நேரத்துக்குத் தும்மினார். ஆனால் முதல் நாள் கதை காதுகாதாகப் பரவிவிட்டிருந்ததால், தும்மல் வந்ததும் சபைக்கு ஏமாற்றம். ஷார்ஜாவில் ஒரு கிழவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார் என்று கேள்வி. கூட்டிவர வேண்டிய சுமங்கலி வேஷத்துக்குத் தானே தயார் என்று நாகஜோதி மறுபடி வந்தாள், கொடுத்தார்கள். அவள் அழுத அழுகையில் ஜோதிமணியின் பாட்டு பாதி கேட்கவில்லை.

சம்யுக்தாவின் அபுதாபி வரன் கலைந்தது. நாடகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பையனுக்கு ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். அதற்கடுத்த கோடையில் சம்யுக்தா தன்னோடு வேலை பார்க்கும் பாலக்காட்டுப் பையனை அபுதாபி சிவில் கோர்ட்டில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். கயிறும் இல்லை, மோதிரமும் இல்லை, இரண்டு கையெழுத்து. வசந்தகுமாரி ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் ரிசப்ஷனுக்கு ஹால் பார்க்கப் போனாள். கௌரிசங்கருக்கு நாகஜோதியின் சித்தி மகளைப் பேசி, கரூரில் முகூர்த்தம். இப்போது ஒரு பெண்குழந்தை. ரிவ்காவின் ஒப்பந்தம் முடிந்து மஸ்கட்டில் ஒரு பள்ளிக்குப் போனாள். கீபோர்டைச் சம்யுக்தா அவளுக்கே கொடுத்துவிட்டாள்.

ஜோதிமணி தோஹாவுக்கு மாறிப் போனாள். அங்கே ஒரு பள்ளியில் அதே நர்ஸ் வேலை, சம்பளம் கொஞ்சம் கூடுதல். அங்கேயும் ஆள் சேர்த்து, தொழில்பேட்டை கேம்ப் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் நாடகத்தைப் போட்டிருக்கிறாள். பெண் வேஷத்துக்கு இன்னொருத்தியைப் பிடித்திருக்கிறாளாம், ஆனால் அந்தப் பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பக்கத்திரையில் நின்று தானே பாடினாளாம். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் வைத்திருந்தாள். ஏதோ கடையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள். மேஜையின் ஓரத்தில் ஒரு ஆணின் முழங்கை தெரிகிறது. சட்டைக் கை மடித்துவிட்ட, வாட்ச் கட்டிய, நல்ல சதைப்பற்றுள்ள முழங்கை. வசந்தகுமாரி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தோஹாவில் தெரிந்தவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று பத்மநாபனை யோசிக்கச் சொல்லியிருக்கிறாள்.